எரிமலைத் தீவில் தமிழ்ப் பெயர்கள்... ஆறிய லாவா மேல் நடக்கக் கிளம்புகிறீர்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

1977 ஏப்ரல் மாதம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. கிழக்குக் கரையில் பித்தோன் சாந்த் ரோஸ் என்ற கிராமத்தை நோக்கி எரிமலைக் குழம்பு இறங்கி வருகிறது. மக்களை ஏற்கெனவே வெளியேற்றிவிட்டார்கள். பல வீடுகளும் காவல் நிலையமும் லாவாவுக்குள் போயின. அடுத்து இருந்தது ஊர் தேவாலயம். அதன் வாசலருகே வந்த லாவா, இரண்டு பக்கமும் பிரிந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது.

அந்தத் தேவாலயத்துக்கு இன்றைய பெயர் 'லாவா மாதா'. கறுத்து இறுகிய பாறை இன்னும் அதன் சுவரை ஒட்டியே கிடக்கிறது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டை இழந்தவர்களுக்கு அந்த ஏப்ரல் மறக்கக்கூடியது அல்ல.

சரி, இந்தக் கதை இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இந்தத் தீவுக்கு டூர் போகத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறது. பேக்கேஜில் 'கைடுடன் லாவா நடைப்பயணம்' என்று ஒரு நாள் இருக்கிறதாம். மகனுக்கு ஒரே குஷி. அம்மாவுக்குப் பயம். தாத்தாவுக்கு முழங்கால் கவலை. 'நீங்க பத்திரிகைலதானே இருக்கீங்க, இது சேஃப்தானா, சொல்லுங்க' என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத் திரட்டியது எல்லோருக்கும் பயன்படட்டும்.

தமிழர்களுக்கு அந்நியமான தீவு அல்ல!

ரீயூனியன், பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கிறது. கடைகளில் செலவாவது யூரோ. ஆனால் பெயர்ப் பலகைகளைப் படித்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். ராமசாமி, சுப்ரமணியன் போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. தீவின் சார்பில் பிரெஞ்சு செனட்டில் இருந்த ஒருவரின் பெயர் ழான்-போல் வீராபுல்லே. நம் காதுக்கு 'வீரப்பிள்ளை' என்றுதானே கேட்கிறது?

1848 டிசம்பர் 20-ம் தேதி அந்தத் தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் பெருமளவில் கப்பலேறினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்கள். பலர் திரும்பவே இல்லை. அங்கே கூலிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்ததால், 1882-ல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அப்படிப் போனவர்களின் வாரிசுகளைத்தான் அங்கே 'மலபார்' என்று அழைக்கிறார்கள்.

இன்று அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் பெரும்பாலும் கோயிலுக்குள் மட்டும். ஆனால் அடுப்படியில் தமிழ் அழியவில்லை. குழம்புக்குப் பெயர் 'காரி'. மசாலா சேர்த்தால் 'மசலே'. முருங்கைக்குப் பெயர் 'முருங்'. அந்தக் கீரையைச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். மாரியம்மனுக்கு விழா உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு. தீமிதி நடப்பது 'பாந்தியாலே' என்ற தெய்வத்துக்காக. யார் அந்தப் பாந்தியாலே என்கிறீர்களா? நம் திரௌபதி அம்மன்தான்! வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்து முடிந்து தீமிதிக்கிற அதே அம்மன்.

தமிழர்கள் அதிகம் வாழும் சேன்தாந்த்ரே ஊர், தீவின் வடகிழக்கில் இருக்கிறது. அங்கிருந்து கடலோரச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் கரும்புத் தோட்டம், தேவாலயம், அம்மன் கோயில் எல்லாம் தாண்டி ஓரிடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் கறுப்பாகிவிடுகிறது. அதுதான் லாவா வெளி.

எரிமலையின் ஜாதகம்

பெயர், பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். 'உலைச் சிகரம்' என்று பொருள் சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், கிட்டத்தட்ட அதே உயரம். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை 150-க்கும் மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

'அப்படின்னா அங்க எப்படிங்க ஆள் இருக்காங்க?' என்ற கேள்வி நியாயமானது. இது பாறையையும் சாம்பலையும் வானுக்கு வீசி ஊரையே மூடும் வகை எரிமலை அல்ல. பெரும்பாலும் பிளவு வழியாகக் குழம்பு பீறிட்டு ஆறாக ஓடும். சிகரத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் பிரமாண்டமான செங்குத்துச் சுவர் இருக்கிறது. கடல் பக்கம் மட்டும் திறப்பு. பெரும்பாலான வெடிப்புகள் அந்தச் சுவருக்குள்ளேயே நடந்து, குழம்பு கடலை நோக்கி ஓடிவிடுகிறது. சுவருக்குள் குடியிருப்பு கிடையாது.

சுவருக்கு வெளியே வெடித்தால்தான் ஆபத்து. 1977-ல் நடந்தது அதுதான். 1986-ல் தெற்கே சேன் ஃபிலிப் பக்கமும் அப்படி நடந்தது. 1977 பாடத்துக்குப் பிறகுதான் எரிமலைக்கென்று தனியாக ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். 1979-லிருந்து நில அதிர்வு, நிலம் உப்புவது, வாயு வெளியேற்றம் என எல்லாவற்றையும் அளந்துகொண்டிருக்கிறார்கள். எரிமலைக்கு இரவும் பகலும் இ.சி.ஜி எடுப்பது மாதிரி!

2007: சிகரமே உள்ளே விழுந்த நாள்

2007 ஏப்ரல் 2-ம் தேதி, மலையின் கீழ்ப்பகுதியில், லெ த்ரம்ப்ளே கிராமத்துக்குப் பக்கத்தில் பிளவு விட்டது. குழம்பு ஆறாக ஓடித் தேசிய நெடுஞ்சாலையை மூடிக்கொண்டு கடலில் விழுந்தது. கடல் கொதித்து ஆவி எழும்பியது. கீழே அவ்வளவு குழம்பு வெளியேறியதும், மேலே மலைக்குள் காலியிடம் உண்டாகிவிட்டது. சில நாள்களில் உச்சியில் இருந்த தொலோமியூ பள்ளத்தின் தரை அப்படியே உள்ளே சரிந்தது. ஆழம் 300 மீட்டருக்கும் அதிகம். சென்னை எல்.ஐ.சி கட்டடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினாலும் விளிம்புக்கு வராது.

வெடிப்பு அடங்கியபோது தீவின் பரப்பளவு கூடியிருந்தது. கடலில் விழுந்து இறுகிய குழம்பு புது நிலமாகியிருந்தது. சாலையை அந்த லாவாவின் மேலேயே மறுபடி போட்டார்கள். மேல்பகுதி இறுகினாலும் உள்ளே சூடு வருடக்கணக்கில் இருந்தது. மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி எழும்பும்.

எங்கே, எப்படி நடக்கலாம்?

லாவா மேல் நடக்க இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. ஒன்று மலை உச்சிப் பாதை. இன்னொன்று கடலோர லாவா வெளி. இரண்டும் முற்றிலும் வேறு அனுபவம்.

1. உச்சிப் பாதை

பூர்-மூரா என்ற ஊரிலிருந்து மலைச்சாலையில் கார் ஏறுகிறது. பசுமை குறைந்துகொண்டே வந்து, திடீரென்று செம்பழுப்பும் கறுப்புமாய் ஒரு வெட்டவெளி. பெயரே 'மணல் சமவெளி'. செவ்வாய் கிரகப் படங்களில் பார்க்கிற மாதிரி இருக்கும். அதைக் கடந்தால் 2,311 மீட்டர் உயரத்தில் பா தெ பெல்கோம். வண்டி அதோடு நின்றுவிடும்.

நடை தொடங்குவதே இறக்கத்தில்தான். செங்குத்துச் சுவரில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கினால் பழைய லாவாத் தரை. சில நிமிடங்களில் சிவப்பாக ஒரு குட்டி மேடு வரும். 1753 வெடிப்பில் உருவானது. பெயர் ஃபோர்மிகா லியோ. மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து எறும்பு பிடிக்குமே ஒரு பூச்சி, குழிநரி, அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மேட்டின் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

அதன் பிறகு தொலோமியூ பள்ளத்தின் விளிம்புவரை ஏற்றம். போய்வர 5 முதல் 6 மணி நேரம் ஆகும். மர நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாறை முழுக்கத் துளை என்பதால் பெய்த மழையெல்லாம் உள்ளே போய்விடுகிறது. பாதையைக் காட்டுவது பாறையில் அடித்த வெள்ளை பெயின்ட் அடையாளங்கள் மட்டுமே. மூடுபனி இறங்கினால் அதுதான் உயிர்க்கயிறு.

முழங்கால் வலி உள்ள தாத்தாவுக்கு? பா தெ பெல்கோம் பார்வை மாடத்தில் நின்றாலே முழு எரிமலையும் தெரியும். கொஞ்சம் முடிந்தால் ஃபோர்மிகா லியோ வரை போய்த் திரும்பலாம். ஆனால் கவனம், இறங்கிய படிகளைத் திரும்பும்போது ஏறியாக வேண்டும். கோயில் மலையில் ஏறும்போது மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே கணக்கு தலைகீழ். களைத்த காலோடு கடைசியில்தான் ஏற்றம்.

2. கடலோர லாவா வெளியும் குகைகளும்

கிழக்குக் கரையில் லாவா கடலுக்கு இறங்கும் சரிவுக்கு கிரான் ப்ரூலே என்று பெயர். 'பெரிய எரிந்த நிலம்' என்று அர்த்தம். இங்கே கைடோடு நடப்பதில் ஒரு வசதி, ஒரே நாளில் பல வருடத்து லாவாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புதிய லாவா கன்னங்கரேல் என்றிருக்கும். சில வருடங்களில் சாம்பல் நிறத்தில் லைக்கன் படியும். பிறகு வெடிப்புகளில் பெரணி முளைக்கும். அப்புறம் செடி, மரம். இன்னும் பழைய லாவா முழுக் காடாகவே இருக்கும். இவ்வளவு வேகமாகப் பச்சை வருவதற்குக் காரணம் மழை. இந்த எரிமலையின் சரிவில்தான் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 182.5 சென்டிமீட்டர் மழை பெய்தது. இன்றுவரை அது உலக சாதனை. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். கற்பனை செய்துகொள்ளுங்கள்!

லாவாவிலும் இரண்டு ரகம். ஒன்று, பால் ஏடு சுருங்கியது போல, திரித்த கயிறு போல வழவழப்பாக மடிந்தது. இன்னொன்று, ரோடு போடக் கொட்டிய ஜல்லி மாதிரி கரடுமுரடானது. முதல் ரகத்தில் நடக்கலாம். இரண்டாவது ரகத்தில் விழுந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும்.

குகை எப்படி வந்தது? அதற்கும் பால்தான் உதாரணம். மேலே ஏடு கட்டுகிறது, அடியில் பால் சூடாகவே இருக்கிறது. அதேபோல லாவா ஆற்றின் மேல்பக்கம் இறுகிக் கூரையாகிறது. உள்ளே குழம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. வரத்து நின்றதும் உள்ளே இருந்தது வடிந்துபோய் சுரங்கம் மிஞ்சுகிறது. 2004 வெடிப்பு உண்டாக்கிய சுரங்கங்களுக்குள் இன்று கைடுகள் கூட்டிப்போகிறார்கள். ஹெல்மெட், தலையில் விளக்கு, கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் தருவார்கள். சில இடங்களில் தவழ்ந்து போக வேண்டியிருக்கும். மூடிய இடம் என்றால் படபடப்பு வருபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

கைடு எதற்கு? தனியாகப் போனால் என்ன?

உச்சிப் பாதையில் அனுமதி உள்ள நாள்களில் பலர் கைடு இல்லாமலே நடக்கிறார்கள். ஆனால் முதல்முறை வெளிநாடு, மலைப் பழக்கம் இல்லை, கூட வயதானவர்கள், குழந்தைகள் என்றால் கைடு செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். சுரங்கத்துக்குள் கைடு இல்லாமல் போகும் எண்ணமே வேண்டாம். எந்தக் கூரை தாங்கும், எது உடையும் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. லாவாப் பாறை ஒரே மாதிரி கறுப்பாக இருப்பதால் திசையும் சுலபத்தில் குழம்பும்.

எரிமலை அசையத் தொடங்கினால் அரசு நிர்வாகம் எச்சரிக்கை அறிவித்து உள்பகுதிக்குச் செல்லும் பாதையை மூடிவிடும். 'வெடிக்கிறதைப் பார்க்கத்தானே வந்தோம்' என்று தடையைத் தாண்டுபவர்கள் உண்டு. 2021 ஏப்ரல் வெடிப்பின்போது, மூடப்பட்டிருந்த பகுதிக்குள் போன இரண்டு இளம் மாணவர்கள் சடலமாகத்தான் மீட்கப்பட்டார்கள். இருபதுகளில் இருப்பவர்கள். நெருப்பு மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தப்பு. உயரம், குளிர், மழை, மூடுபனி, கந்தக வாயு எல்லாம் சேர்ந்துதான் ஆளை வீழ்த்துகின்றன.

வெடிப்பு நேரத்திலும் பத்திரமாகப் பார்க்க வழி உண்டு. சாலையோரத்திலும் மலை விளிம்பிலும் நிர்வாகம் அனுமதிக்கிற இடங்களில் ஊரே கூடி நின்று பார்க்கும். அங்கே நின்று பார்த்தாலே போதும்.

கிளம்பும் முன்... நோட் பண்ணிக்கோங்க!

• எப்போது போகலாம்: மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம். நம் கோடை விடுமுறையின் மே மாதம் தோதானது.

• நேரம்: விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிடுவது அங்கே வழக்கம்.

• உடை: ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே குளிர்காலம். உச்சியில் இரவு வெப்பம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகும். ஸ்வெட்டர், மழைக்கோட், தொப்பி அவசியம். காலை பத்துக்கு வெயில் சுடும் என்பதால் சன் ஸ்கிரீனும் வேண்டும்.

• செருப்பு வேண்டாம்: கணுக்காலைப் பிடிக்கிற, அடிப்பாகம் தடித்த ஷூ. புது ஷூவை அங்கே போய் முதல்முறை போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழகுங்கள்.

• தண்ணீர்: உச்சிப் பாதைக்கு ஆளுக்கு 2 லிட்டராவது. கூடவே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்.

• பயிற்சி: ஆவடி பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் தினம் ஒரு மணி நேர நடை, வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி. பரங்கிமலைப் படிகளை ஞாயிறு காலையில் ஏறி இறங்கிப் பாருங்கள். சமதளத்தில் மட்டும் நடந்து பழகினால் போதாது.

• உடல்நிலை: இதயப் பிரச்னை, ஆஸ்துமா, மூட்டு வலி இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே புக்கிங்.

• விசா: பிரான்ஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ரீயூனியன் ஷெங்கன் எல்லைக்குள் வராது. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் டிக்கெட் போடும் முன் பிரெஞ்சு தூதரகத் தளத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஏர் ஆஸ்ட்ரல் நேரடி விமானம் இயக்கியிருக்கிறது. உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மொரீஷியஸ் வழி.

• கல் எடுக்காதீர்கள்: இது தேசியப் பூங்கா. 2010 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. போட்டோவோடு திருப்தி அடையுங்கள்.

• அவசர உதவி எண்: 112.

டூர் கம்பெனியிடம் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்: கைடு உரிமம் பெற்றவரா? ஆங்கிலம் பேசுவாரா? குழந்தைகளுக்கு வயது வரம்பு என்ன? பாதை மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்று ஏற்பாடு உண்டா? நாலாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? லாவா இங்கேயும் இருக்கு!

ஒரு ஆச்சர்யம். ரீயூனியனை உருவாக்கிய அதே பூமிக்கடி வெப்ப ஊற்றுதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தக்காணப் பீடபூமியில் லாவாவைக் கொட்டியது என்கிறார்கள் புவியியலாளர்கள். அப்போது இந்தியா அந்த ஊற்றின் மேலே இருந்தது. பிறகு இந்தியா வடக்கே நகர, ஊற்று மட்டும் அங்கேயே நின்றது. லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று வழியெல்லாம் அடையாளம் விட்டு, இப்போது ரீயூனியனில் கொதிக்கிறது. எல்லோரா கைலாசநாதர் கோயிலைக் குடைந்ததும் அந்தப் பழைய லாவாப் பாறையில்தான். மகாராஷ்டிராவின் மிக உயரமான சிகரமான கல்சுபாய் (1,646 மீட்டர்) ஏறினால் நீங்கள் நடப்பதும் லாவா மேல்தான்.

இன்னும் சுலபமாக வேண்டுமா? கர்நாடகாவில் உடுப்பி பக்கம் மால்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவு. செதுக்கி நிறுத்திய தூண்கள் மாதிரி நிற்கும் எரிமலைப் பாறைகள் அங்கே உண்டு. மழைக்காலத்தில் படகு ஓடாது.

அந்தமானின் பேரன் தீவுதான் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. ஆனால் அதில் இறங்கி நடக்க முடியாது. கப்பலிலிருந்து பார்க்க மட்டுமே.

அப்போ போகலாமா, வேண்டாமா?

போகலாம். ஆனால் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். லாவா நடைக்கு என்று குறித்த தேதியில் மூடுபனியோ எச்சரிக்கையோ வந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்க இடம் இருக்க வேண்டும். இத்தனை செலவு செய்து வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் பலரைத் தடுப்பைத் தாண்ட வைக்கிறது. உபரி நாள் இருந்தால் அந்த அவசரம் வராது.

மேலே கதவு மூடியே இருந்தாலும் கவலை இல்லை. பூர்-மூராவில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது. கடலோரச் சாலையில் 2007 லாவாவைக் காரிலிருந்து இறங்கியே தொடலாம், அதற்குப் படி ஏற வேண்டாம், தாத்தாவும் வரலாம். லாவா மாதா தேவாலயம் அதே சாலையில்தான். திரும்பும் வழியில் சேன்தாந்த்ரேயில் ஒரு வேளை சாப்பாடு. முருங்கைக்கீரை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் கேட்டாலே புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது!